லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து அமெரிக்க வரலாறு படிப்பது எப்படி

“1892ல் அரசாங்கம் சொன்னபடி 160 ஏக்கர் நிலம் தராததால் ஹோம்ஸ்டெட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.”

என் அக்கா மகள் தேர்வில் எழுதிய பதில் இது. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாதிப் படிப்பை இங்கே முடித்துவிட்டு மீதியை அமெரிக்காவில் முடிக்கிற திட்டத்தில் இருக்கிறாள். கணினித்துறைதான், ஆனாலும் அமெரிக்க வரலாறு ஒரு பாடமாகத் தலையில் விழுந்துவிட்டது. விரிவுரையாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி ஒன்றைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், என்ன தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. விடுமுறைக்கு, பேராக்கில் இருக்கிற எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்தவள் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “மாமா, ரெண்டும் ஹோம்ஸ்டெட்தானே?” என்று கேட்டாள்.

ஹோம்ஸ்டெட் ஒன்று சட்டம், இன்னொன்று ஊர். 1862 மே 20 அன்று ஆப்ரஹாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், குடியேறுகிறவர்களுக்கு 160 ஏக்கர் தந்தது. 1892ல் வேலைநிறுத்தம் நடந்த ஹோம்ஸ்டெட், பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஆண்ட்ரூ கார்னகியின் எஃகு ஆலை இருந்த ஊர். ஒன்றில் நிலம், இன்னொன்றில் கூலி. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே பொறி தட்டியது. இந்தப் பாடம் முழுவதையும் இந்த இரண்டு சொல்லை வைத்தே படித்துவிடலாம். எந்தச் சட்டம் வந்தாலும், எந்தக் கலவரம் வந்தாலும், யாருக்கு நிலம் கிடைத்தது, யாருக்கு வெறும் கூலி கிடைத்தது என்று கேளுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாக நம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சுதான் இது.

பதினெட்டு வருஷமாக மாலை டியூஷன் நடத்துகிறேன். அந்த ஒரு வாரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை, அவளைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நோட்டும் மோட்டாரும்

கணக்குப் பாடத்துக்கு வாங்குகிற சதுரக் கோடு போட்ட நோட்டு ஒன்று வேண்டும். பாடப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

நோட்டில் ஆறுக்கு ஆறு என்று 36 கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். அமெரிக்க அரசு மேற்குப் பகுதி நிலத்தை இப்படித்தான் அளந்தது. ஒரு கட்டம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 36 கட்டம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண் போடுகிற விதத்தைக் கவனியுங்கள், இது அழகான விஷயம்: வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அதற்கு நேர் கீழே 7 போட்டு, அங்கிருந்து கிழக்கே திரும்பி வர வேண்டும். மாட்டைப் பூட்டி உழுகிறவர் ஒரு சால் போய்த் திரும்பி அடுத்த சால் வருகிற மாதிரி. இப்போது ஒற்றைப்படை எண் உள்ள கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் அடியுங்கள். சதுரங்கப் பலகை வந்துவிடும். எண்ணை எல்லா வரிசையிலும் ஒரே பக்கமிருந்து போட்டிருந்தால் வெறும் கோடு கோடாகத்தான் வந்திருக்கும், சந்தேகமிருந்தால் அடுத்த பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

ரயில்பாதை போகிற வழியில் வண்ணம் அடித்த கட்டங்கள் ரயில் கம்பெனிக்கு. வெள்ளையாக விட்டவை அரசு வசம். அந்த வெள்ளைக் கட்டம் ஒன்றை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டு 160 ஏக்கர், ஹோம்ஸ்டெட் சட்டத்தின் நிலம் அதுதான்.

160 ஏக்கர் எவ்வளவு பெரியது என்று மனதில் பதிய வேண்டுமானால் மோட்டார் சைக்கிளை எடுங்கள். நாங்கள் செம்பனைக் காட்டுச் சடக்கில் போய்ப் பார்த்தோம். மீட்டரைப் பார்த்துக்கொண்டு 800 மீட்டர் நேராகப் போய், திரும்பி இன்னொரு 800, மறுபடி திரும்பி, மறுபடி திரும்பி, கிளம்பின இடத்துக்கே வந்துவிட வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் சடக்கு ஓரளவு நேராக இருப்பதால் இது முடியும். இரண்டாவது திருப்பத்திலேயே அவள் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். “இவ்வளவும் ஒரே குடும்பத்துக்கா மாமா?” ஆமாம். 21 வயது ஆனவராகவோ குடும்பத் தலைவராகவோ இருந்தால் போதும், பெண்ணாக இருந்தாலும் சரி. குடியுரிமை இல்லாவிட்டாலும் குடிமகன் ஆகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும். சிறிய பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, உழுது பயிரிட்டு, வீடு ஒன்று கட்டிக் காட்டினால் பட்டா. இந்தச் சட்டத்தின் கீழ் கடைசியில் சுமார் 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள். மொத்தம் 27 கோடி ஏக்கர்.

எங்கள் பாட்டன் இந்த ஊர்ப் பக்கத்துக் காட்டை வெட்டினவர்களில் ஒருவர். அவர் காலமாகும்போது அவர் பேரில் இருந்தது ஒரு சைக்கிள்.

பெல்டா மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள்

பெல்டா என்கிற மலேசிய நிலக் குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கமே காட்டை அழித்து, மரம் நட்டு, வீடும் கட்டிக் கொடுத்தது. ஹோம்ஸ்டெட்டில் நிலம் மட்டும்தான். நெப்ராஸ்கா, கேன்சஸ் பக்கம் போனவர்களுக்கு வீடு கட்ட மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. அதனால் புல்வேரோடு மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள், மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும். அடுப்பெரிக்க விறகு இல்லாமல் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி எரித்தார்கள். நம் ஊர் வறட்டிதான். பாட்டி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வெள்ளைக்காரனும் வறட்டி தட்டினானா என்று. தட்டவில்லை பாட்டி, பொறுக்கினான்.

மழை இன்னொரு பிரச்சினை. மேற்கே போகப் போக ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் கீழே போய்விடும். தைப்பிங் பக்கம் இருக்கிற நமக்கு அது மழையே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் 160 ஏக்கர் என்பது காகிதத்தில்தான் பெரிது. 1874ல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து விளைந்ததையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. நிலத்துக்குப் பதிந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஐந்து வருஷத்தை முடிக்காமலே விட்டுவிட்டுப் போனார்கள். ‘சும்மா கொடுத்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

நின்று பிடித்தவர்களுக்குக் கைகொடுத்தது தொழிற்சாலைச் சாமான்கள். எஃகுக் கலப்பை, காற்றாலை, அப்புறம் முள்வேலி. இல்லினாய்ஸ் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் முள்கம்பிக்கு 1874ல் காப்புரிமை வாங்கினார். மரமே இல்லாத ஊரில் வேலி போட அதுதான் வழி. டெக்சாஸிலிருந்து மாடுகளை நடத்தியே வடக்கே ரயிலடிக்கு ஓட்டி வந்த காலம் அதோடு முடிவுக்கு வந்தது. சினிமாவில் பார்க்கிற கௌபாய் வாழ்க்கை மொத்தமே இருபது வருஷம்தான், அதற்கு மேல் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ரயிலைப் பிடித்துக்கொண்டு போங்கள்

நோட்டில் வண்ணம் அடித்த கட்டங்களுக்குத் திரும்புவோம். 1862லேயே பசிபிக் ரயில் சட்டமும் வந்தது. சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே சென்ட்ரல் பசிபிக், ஒமாஹாவிலிருந்து மேற்கே யூனியன் பசிபிக். இரண்டும் 1869 மே 10 அன்று யூட்டாவில் பிராமன்டரி சம்மிட் என்ற இடத்தில் சந்தித்தன. அரசு கொடுத்த கடன் பத்திரக் கணக்கு: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000. இதைப் பார்த்ததும் நம் ஆள் யாராக இருந்தாலும் என்ன யோசிப்பான்? அதையேதான் அவர்களும் யோசித்தார்கள். சியெரா நெவாடா மலை ஆரம்பிக்கிற இடத்தைச் சாக்ரமென்டோவுக்குப் பக்கத்துச் சமவெளியிலேயே காட்டி, மலை ரேட்டில் பணம் வாங்கிவிட்டார்கள். ‘மலையை நகர்த்திய கம்பெனி’ என்று நான் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது.

அந்த மலையை உண்மையில் உடைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். சென்ட்ரல் பசிபிக் ஆட்களில் பெரும்பான்மை அவர்கள்தான், பத்தாயிரத்துக்கும் மேல். வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் சேரும், இவர்கள் தங்கள் காசில் சமைத்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி அடிக்கவில்லை, மலைக்குப் போகிற சாப்பாட்டுச் சாமான்களை நிறுத்தியது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. தோட்டக் கடையில் பற்று வைத்துச் சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பாதை முடிந்ததும் என்ன ஆயிற்று? 1882ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடைச் சட்டம் போட்டார்கள். முதலில் பத்து வருஷம் என்றார்கள், 1892ல் நீட்டித்தார்கள், 1902ல் நிரந்தரமாக்கினார்கள், 1943ல்தான் எடுத்தார்கள். 1885ல் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 28 சீனர்களைக் கொன்றே போட்டார்கள். அதே வருஷங்களில்தான் நம் லாரூட், கிந்தா ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் பேராக். 1874: அங்கே முள்வேலி, இங்கே வெள்ளைக்காரன் பேராக்கில் காலூன்றிய பங்கோர் ஒப்பந்தம். 1877: அங்கே நாடு தழுவிய ரயில் வேலைநிறுத்தம், இங்கே கோலாகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்று. 1885: அங்கே ரயில்பாதை ஒரு லட்சம் மைலைத் தாண்டியாகிவிட்டது, இங்கே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் எட்டு மைல். உள்ளூர் வருஷத்தோடு கட்டிப்போட்டால் வெளியூர் வருஷம் ஓடிப்போகாது. பத்து வரி போதும், அதிகம் எழுதினால் பழையபடி மனப்பாடம் ஆகிவிடும்.

இன்னொன்று, நேரம். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்தது, உச்சி வெயில் எப்போதோ அதுதான் அந்த ஊருக்குப் பன்னிரண்டு மணி. ரயில் கம்பெனிகள் கூடிப் பேசி 1883 நவம்பர் 18 அன்று எல்லாக் கடிகாரத்தையும் மண்டலம் மண்டலமாக மாற்றின. அரசு சட்டம் எதுவும் இல்லாமலே. இதை நம்ப முடியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1982ஐக் கேளுங்கள். அந்த ஜனவரி 1 அன்று தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரம் அதே எண்தான், ஆனால் வெளியே இருட்டு கூடிப்போனது என்று எங்கள் அப்பா ரொம்ப நாள் முனகிக்கொண்டிருந்தார்.

கங்காணிக்கு அங்கே என்ன பேர்?

பத்ரோனே. இத்தாலியத் தொழிலாளர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, கமிஷன் அடித்து, சில சமயம் தங்குமிடமும் சாமானும் தானே கொடுத்து அதிலும் பிடித்துக்கொள்கிற ஆள். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்குகிறவனுக்கு அவன் இல்லாமலும் முடியாது, அவனோடும் முடியாது. நம் கங்காணி ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்தார், அது ஒரு வித்தியாசம். வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு ஆள் கொண்டுவருவதை அமெரிக்கா 1885லேயே சட்டத்தில் தடுத்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல்தான் நின்றது.

குடியேறிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மனி, அயர்லாந்து, பிரிட்டன், ஸ்காண்டிநேவியா. ரயில் கம்பெனிகள் வண்ணம் அடித்த கட்டங்களை விற்க ஐரோப்பாவில் ஏஜென்ட் வைத்து ஆள் பிடித்தன என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவிலிருந்து மெனனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் 1874ல் கேன்சஸுக்குக் கோதுமை விதையோடு வந்தது அப்படித்தான். 1880களில் தொடங்கி இத்தாலி, போலந்து, ரஷ்யப் பேரரசின் யூதர்கள் என்று இரண்டாவது கூட்டம். இவர்கள் வரும்போது நல்ல நிலமெல்லாம் போய்விட்டது, கையில் காசும் இல்லை, அதனால் நியூயார்க், சிகாகோ, பிட்ஸ்பர்க் என்று ஆலைகளில் நின்றுவிட்டார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் நிலம், கூலி. 1881 முதல் 1890 வரை மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் வந்தார்கள்.

1892 ஜனவரி 1 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதிக்கிற நிலையமாக எல்லிஸ் தீவு திறந்தது. மாடிப்படி ஏறும்போதே மருத்துவர்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், மூச்சு வாங்கினால் சட்டையில் சாக்குக்கட்டியால் ஓர் எழுத்து. நம் முன்னோர்களை பினாங்கில் பூலாவ் ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்துப் பார்த்த மாதிரி. ஆனால் எல்லிஸ் தீவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். அங்கே குமாஸ்தாக்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று ஒரு கதை எல்லாரும் சொல்வார்கள், அதைத் தேர்வில் எழுதாதீர்கள். குமாஸ்தா கையில் இருந்தது கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்த பட்டியல், அதைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பலர் பிற்பாடு தாங்களே மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. தாத்தா பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், இரண்டையும் ஒன்றாக்க அம்மா அலைந்த அலைச்சல் தனிக் கதை.

ஆலை: சம்பளச் சீட்டு எழுதிப் பாருங்கள்

கார்னகி, ராக்கபெல்லர், மார்கன் என்று பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வது சலிப்பு. எஃகு ஒன்றை மட்டும் பிடியுங்கள், மற்றவை தொற்றிக்கொண்டு வரும். தண்டவாளத்துக்கு எஃகு வேண்டும், அதை மலிவாக உருக்கப் பெஸ்ஸமர் முறை வந்தது, 1880ல் சுமார் 12 லட்சம் டன் இருந்த உற்பத்தி 1900ல் ஒரு கோடி டன்னைத் தொட்டது. கார்னகியும் குடியேறிதான், ஸ்காட்லாந்திலிருந்து சின்னப் பையனாக வந்து பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 காசுக்கு வேலை பார்த்தவர். 1892ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் சங்கத்தை உடைக்க அவருடைய மேலாளர் ஃபிரிக், பிங்கர்ட்டன் என்கிற தனியார் கம்பெனியின் காவலாளிகள் 300 பேரைப் படகில் இறக்கினார். ஜூலை 6 அன்று இரு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். அப்போது கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார். துரை சீமையில் இருக்கும்போதுதான் தோட்டத்தில் இதெல்லாம் நடக்கும், வேறென்ன.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது புல்மன். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜார்ஜ் புல்மன் என்கிற ரயில்பெட்டி முதலாளி தன் ஆட்களுக்காக ஊரே கட்டினார். வீடு, கடை, தேவாலயம், நூலகம், எல்லாம் கம்பெனியுடையது. 1893ல் பொருளாதாரம் விழுந்தபோது சம்பளத்தைச் சராசரியாகக் கால்வாசி குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. நோட்டை எடுத்து ஒரு கற்பனைச் சம்பளச் சீட்டு எழுதுங்கள்: மாதம் 40 டாலர், அதில் வாடகை 15. கையில் நிற்பது 25. சம்பளத்தை 30 ஆக்குங்கள், வாடகையைத் தொடாதீர்கள். இப்போது கையில் 15. சம்பளம் குறைந்தது கால்வாசி, சாப்பாட்டுக்கு இருந்தது குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு. எண்கள் என்னுடையவை, கணக்கு அவர்களுடையது. 1894 மே 11 அன்று வேலைநிறுத்தம். யூஜின் டெப்ஸ் தலைமையில் ரயில் தொழிலாளர் சங்கம் புல்மன் பெட்டி மாட்டிய ரயிலைத் தொட மாட்டோம் என்றது, தபால் தடைபடுகிறது என்று காரணம் சொல்லி மத்திய அரசு ராணுவத்தை இறக்கியது, டெப்ஸ் சிறைக்குப் போனார். 1898ல் இல்லினாய்ஸ் உச்சநீதிமன்றம், ஆலைக்கு வெளியே உள்ள சொத்துக்களைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வேலை போனால் வீடும் போகும் என்கிற பயத்தோடு வளர்ந்த எங்களுக்கு அந்தத் தீர்ப்பு இரண்டு முறை வாசிக்க வேண்டியது.

நம் மே 1 விடுமுறைகூட 1886ல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்திலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் தங்கள் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பரில் வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக் கட்டமும் காலியாக இல்லை

கடைசியாக அந்த 36 கட்டத்துக்கே திரும்புங்கள், அழிப்பான் எடுத்துக்கொண்டு. நாம் வரைவதற்கு முன் அந்த இடத்தில் லகோட்டா, செயென், கொமாஞ்சி போன்ற மக்கள் இருந்தார்கள். 1868ல் பிளாக் ஹில்ஸ் லகோட்டாக்களுக்கே என்று ஒப்பந்தம், 1874ல் அங்கே தங்கம், 1876ல் அமெரிக்க ராணுவத்தோடு லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமை 1880களின் முடிவில் சில நூறாகிவிட்டது. 1887ல் டாஸ் சட்டம், பழங்குடிகளின் பொது நிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று துண்டுபோட்டு, ‘மிச்சத்தை’ வெளியாருக்கு விற்க வழி செய்தது. 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் 1934க்குள் 4 கோடியே 80 லட்சமாகச் சுருங்கியது. 1890 டிசம்பர் 29 அன்று, ராணுவம் லகோட்டாக்களைக் கொன்ற வூண்டட் நீ படுகொலை. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, மேற்கே இனி குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை என்று அறிவித்தது. சுங்கை சிப்புட் மேலே ஆற்றோரம் தெமியார் பழங்குடிக் கிராமங்களுக்குப் போய் வந்த பிள்ளை என்றால் இந்தப் பகுதியை நன்றாக எழுதும். போகாத பிள்ளை ‘மேற்கே காலியாக இருந்த நிலம்’ என்று எழுதும், அங்கே மதிப்பெண் போய்விடும்.

விடை எழுதும்போது முதல் பத்தியிலேயே நிலம், கூலி இரண்டையும் சொல்லிவிட்டு, ரயிலை வைத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வருஷம், ஓர் ஊர், ஓர் எண், அதற்கு மேல் வேண்டாம். நம் ஊர் ஒப்பீட்டை விடையில் கொண்டுபோய்ச் செருகாதீர்கள், அது நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு மட்டும். இங்கே கேட்டால் சொல்லலாம்: தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பால்மரம் வெட்டுகிறவர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அங்கே 160 ஏக்கருக்குப் பதிவுக் கட்டணம் கட்டினார்கள், இங்கே பங்குப் பணம் கட்டினோம்.

சதுரக் கோட்டு நோட்டு பெரிய பட்டணத்துக் கடையில்தான் கிடைக்கும் என்றில்லை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையிலேயே இருக்கும். செம்பனைக் காட்டுக்கு மோட்டாரில் போகிறவர்கள் காவலாளியிடம் சொல்லிவிட்டு, மதியத்துக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தால் அந்தச் செம்மண் சடக்கு பயங்கரமாக வழுக்கும், நாங்கள் மூன்றாவது திருப்பத்தில் விழுந்து எழுந்துதான் வந்தோம்.